இருபத்துமூன்றாம் துளை

போன மாதம் தர்ஷினி தொலைபேசியில் எடுத்தாள். திருகோணமலைத் துறைமுகத்துக்குள் ஒரு சரக்குக் கம்பனியில் நான் வேலை செய்து ஓய்வு பெற்றேன். அங்கே இப்போது என்னுடைய கதிரையில் இருப்பவள் அவள்.

“அக்கா, புதுச் சுவிட்சுகள் வந்திட்டுது. வயரைச் செருகினா, மற்றப் பக்கத்திலை என்ன இருக்கெண்டு அதுவே பாத்து, துளையின்ரை வகையைத் தானே மாத்திக்கொள்ளுது. நாங்கள் ஒண்டும் செய்யத் தேவையில்லை.”

“அப்ப உனக்கு அங்கை என்ன வேலை?”

சிரித்தாள். பிறகு விஷயத்துக்கு வந்தாள். “வாசல் அறையிலை இருந்த பழைய பெட்டியைக் கழட்டினம். பாவிக்காத துளை எல்லாத்துக்கும் மெழுகு உருக்கி ஊத்தி அடைச்சிருக்கு. ஆரக்கா அந்த விசர் வேலை செய்தது?”

“நான்தான்.”

“ஏனெண்டு எழுதித் தாங்கோவன், இஞ்சை உள்ள பிள்ளையளும் வாசிக்கட்டும்” என்றாள். கதைக்கச் சொல்லியிருந்தால் ஒரு மணித்தியாலம் கதைத்து முடித்திருப்பேன். எழுதச் சொன்னதால் வகையாக மாட்டிக்கொண்டேன்.

நான் கணினி படித்துவிட்டு வேலைக்குப் போனவள் அல்ல. கம்பனியின் தொலைபேசிப் பலகையில் உட்கார்ந்து, வருகிற அழைப்பை உரிய ஆளுக்குக் கொடுப்பதற்காக எடுக்கப்பட்டவள். சிங்களமும் ஆங்கிலமும் தடுமாறாமல் பேசுவேன், அதுதான் என் தகுதி. பலகை போனது, கணினிகள் வந்தன, “நீர்தானே வயர்களோடை மாரடிச்சனீர், இதையும் பாரும்” என்று அதே மேசையில் இருத்திவிட்டார்கள். கொழும்பில் ஒரு பயிற்சிக்கும் அனுப்பினார்கள். அங்கே படித்ததைவிட, போகும்போதும் வரும்போதும் சோதனைச் சாவடிகளில் பஸ்ஸால் இறங்கி நடந்து, அடையாள அட்டை காட்டி மறுபடி ஏறியதுதான் நன்றாக நினைவிருக்கிறது. மீதி எல்லாம் அருளம்பலம் சேரிடம் படித்தது.

அருளம்பலம் சேர்தான் கணினிப் பகுதிக்குப் பொறுப்பு. நீளக்கை வெள்ளைச் சேர்ட், கையை மடிக்கவே மாட்டார். அந்த வெக்கையில் எங்களுக்கு அவரைப் பார்க்கவே வியர்க்கும். யாரையும் ஏசியது கிடையாது. ஆனால் சுவிட்சில் ஒரு வயரைச் செருக நாங்கள் கையை நீட்டினால், துளைகளுக்கு முன்னால் தன் உள்ளங்கையை விரித்துப் பிடித்துக்கொண்டு, “வகை?” என்பார். அந்தத் துளை என்ன வகை என்று வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் கையை எடுப்பார். தொடர்ந்து ஒரே துளையில் வேலை செய்தாலும் ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டும். “தெரியும் சேர்” என்று ஒருநாள் முகத்தைச் சுளித்தேன். “உமக்குத் தெரியும். உம்முடைய கைக்குத் தெரியுமோ?” என்றார். எனக்கு அப்போது எரிச்சலாக இருந்தது.

சுவிட்ச் என்றால் விளக்குச் சுவிட்ச் என்று நினைப்பவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தட்டையான ஓர் இரும்புப் பெட்டி, முகத்தில் இரண்டு வரிசையாகத் துளைகள். ஒவ்வொரு துளையிலும் ஒரு கணினியின் வயர். ஆங்கிலத்தில் துறைமுகத்தைப் போலவே அந்தத் துளைக்கும் போர்ட் என்றுதான் பெயர். போர்ட்டுக்குள் இருந்துகொண்டு போர்ட் என்று சொன்னால் யாருக்கும் விளங்காது என்பதால் நாங்கள் துளை என்றே சொன்னோம். நல்ல சுவிட்சாக இருந்தால் அதற்குள்ளேயே கண்ணுக்குத் தெரியாத மதில் கட்டலாம். இந்தத் துளைகள் கம்பனிப் பக்கம், அந்தத் துளைகள் வேறு பக்கம், ஒன்றின் கதை மற்றதற்குக் கேட்காது. அப்படிப் பிரித்த ஒவ்வொரு பக்கத்துக்கும் வீலான் என்று பெயர்.

அக்சஸ் வகைத் துளை ஒரு பக்கத்துக்கு மட்டும் சொந்தம். அதில் கணினியைச் செருகினால் அந்தப் பக்கத்தோடு மட்டும் கதைக்கும். ட்ரங்க் வகைத் துளை கணினிக்கானது அல்ல, இன்னொரு சுவிட்சோடு இணைக்கிற துளை. எல்லாப் பக்கத்துக் கதைகளும் அதற்குள்ளால் போகும். எது எந்தப் பக்கத்தது என்று தெரிய ஒவ்வொன்றிலும் முத்திரை குத்தி அனுப்பும். சாதாரணக் கணினிக்கு முத்திரை குத்தத் தெரியாது. முத்திரை இல்லாமல் ஒன்று ட்ரங்குக்குள் வந்துவிட்டால் அதைத் திருப்பி அனுப்பாமல், ‘முத்திரை இல்லாதவை எல்லாம் இந்தப் பக்கத்துக்கு’ என்று நாங்கள் முதலே சொல்லி வைத்த ஒரு பக்கத்துக்குள் போட்டுவிடும். இந்தக் கடைசி விஷயத்தை மட்டும் மறக்க வேண்டாம். எங்களோடு வேலை செய்த கோணேஸின் உயிர் அதில்தான் தொங்கியது.

அந்தக் காலத்தில் வயர்களுக்கு வந்த ஆபத்துகள் இப்போது இருக்கிற பிள்ளைகளுக்குத் தெரியாது. பேச்சுவார்த்தை முறிந்து மறுபடி சண்டை தொடங்கியிருந்த நேரம். குடாவுக்கு அந்தப் பக்கம் ஷெல் சத்தம் கேட்டால் கந்தோர் முழுக்க மேசைகளுக்குக் கீழே போய்விடும். ஒருநாள் அப்படிப் படுத்து எழும்பினால், வலையமைப்பு முழுவதும் செத்துக் கிடக்கிறது. கப்பல் ஒன்று கட்டி நிற்கிறது, ஒரு கடதாசி எடுக்க முடியவில்லை. நானும் சேரும் ஒவ்வொரு மேசையாகத் தவழ்ந்து தேடினோம். படுத்திருந்த யாரோ ஒருவரின் காலில் பட்டு ஒரு வயர் கழன்றிருக்கிறது. தோப்பூரிலிருந்து வருகிற களஞ்சியப் பொறுப்பாளர் ஹனிபா நானா, பாவம், உதவி செய்வதாக நினைத்து, தரையில் கிடந்த நுனியை எடுத்துச் சுவரில் இருந்த துளையில் செருகியிருக்கிறார். மற்ற நுனியும் சுவரில்தான் இருந்தது, இரண்டும் ஒரே சுவிட்சுக்குப் போகிறவை. சுவிட்ச் தன் வாலைத் தானே கடித்துக்கொண்டு சுற்றியது. “விழுந்து கிடந்ததை எடுத்து வைச்சனான், அதுவும் பிழையோ?” என்று அவர் கேட்டபோது, சேர் முழங்காலில் இருந்தபடியே சிரித்தார். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

இனி வாசல் அறைக்கு வருகிறேன்.

கம்பனிக்குள் வரும் லொறிகளை வாசலில் நிறுக்க வேண்டும். அந்தத் தராசுக்கு ஒரு கணினி, அதற்கு ஓர் எழுதுவினைஞர், அவர்தான் கோணேஸ்வரன். சாம்பல்தீவிலிருந்து பஸ்ஸில் வருவார். முப்பது வயது இருக்கும். அதிகம் பேசாத ஆள், ஆனால் இது நடந்த கிழமை முழுக்க, பிள்ளைக்குப் பல் முளைத்துவிட்டது என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். தராசுக்குப் பக்கத்து அறை, துறைமுகத்தைக் காவல் காத்த அரச பாதுகாப்புப் பிரிவினருடையது. வாசல் கமராக்களும் அனுமதிப் பத்திரம் போடுகிற கணினிகளும் அங்கே இருந்தன. கமராவைக் கொடுத்தது கம்பனி, ஆகவே சுவிட்சும் ஒன்றுதான், அவர்களுடைய அறையில், அவர்களுடைய பூட்டுக்குள். ஒன்று முதல் பன்னிரண்டு வரை பாதுகாப்புப் பக்கம். பதின்மூன்று முதல் இருபத்திரண்டு வரை கம்பனிப் பக்கம். இருபத்துமூன்றும் இருபத்துநாலும் ட்ரங்க். இருபத்துநாலில் இருந்து ஒரு வயர் எங்கள் பிரதான கந்தோருக்குப் போனது. கம்பனிப் பக்கத்தில் இருந்த ஒரே வயர் கோணேஸின் தராசு வயர், இருபத்திரண்டாம் துளையில்.

இருபத்துமூன்று வெறுமையாகவே இருந்தது. வெறும் துளையைப் பூட்டி வைப்பதுதான் முறை. ஆனால் அந்த அறைக்குள் நாங்கள் போவதற்கு அனுமதி கிடைக்க நாட்கள் எடுக்கும். இருபத்துநாலு பழுதாகினால், உள்ளே நிற்கிற பாதுகாப்புக்காரர் ஒருவரிடம் தொலைபேசியில் சொல்லி, வயரைப் பக்கத்துத் துளைக்கு மாற்றச் செய்யலாம் என்று அருளம்பலம் சேர் அதையும் ட்ரங்க் வகையாகத் திறந்து வைத்திருந்தார். கமரா பொருத்த வந்தவர்கள் கந்தோர் வயரின் மற்ற நுனியில் வைத்த பழைய பெட்டிக்கு முத்திரை வாசிக்கத் தெரியாது. அதனால் முத்திரை இல்லாதவை எல்லாம் பாதுகாப்புப் பக்கத்துக்கு என்று இருந்தது. எல்லாவற்றுக்கும் காரணம் இருந்தது, நல்ல காரணம்தான்.

அன்று காலைத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது வாசல் அறையிலிருந்து அழைப்பு வந்தது. சிங்களத்தில், மிகச் சுருக்கமாக: “உங்கள் தராசு ஆளை நிறுத்தி வைத்திருக்கிறோம். கணினி ஆட்கள் வரட்டும்.”

சேரும் நானும் போனோம். இரண்டு பேரும் சேர்ந்து வர அனுமதி இல்லை, ஒருவர்தான் உள்ளே வரலாம் என்றார்கள். சேருக்குச் சிங்களம் கொஞ்சம் தடக்கும். அதனால் மடிக்கணினியோடு நான் உள்ளே போனேன், அவர் வாசற்படியில் நின்றார், உள்ளே ஓர் அங்குலமும் கால் வைக்காமல்.

கோணேஸ் மூலையில் ஒரு நீள மர வாங்கில் உட்கார்ந்திருந்தார். பெல்ட்டையும் செருப்பையும் கழற்றி வைத்திருந்தார்கள். அடிக்கவில்லை. மேசைக்குப் பின்னால் பொறுப்பதிகாரி. மூக்குக்கண்ணாடியை நூலில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார், குரலை உயர்த்துவதே இல்லை. கத்துகிற அதிகாரிகளைக் கண்டு எங்களுக்குப் பழகிவிட்டது. மெதுவாகப் பேசுகிறவரைக் கண்டால்தான் பயம்.

“இந்த ஆளுடைய கணினி எங்கள் பக்கத்து முகவரியோடு நிற்கிறது. எங்கள் அனுமதிக் கோப்புகள் இருக்கிற இடத்தைத் திறந்து பார்த்திருக்கிறது. யார் யார், எந்த வாகனத்தில், எப்போது உள்ளே வருகிறார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. பின்னேரம் வாகனம் வரும், மேலிடத்துக்கு அனுப்பப் போகிறேன். உங்களுக்குச் சொல்ல ஏதாவது இருந்தால் அதற்கு முன்னால் சொல்லுங்கள், மிஸ்.”

மேலிடத்துக்கு அனுப்புவது என்றால் என்ன என்று அந்தக் காலத்தில் ஊரில் இருந்த எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பிறகு தேடித் திரிவது வீட்டுக்காரரின் வேலை.

“அக்கா,” என்றார் கோணேஸ், “காலமை கொம்பியூட்டரைப் போட்ட உடனை புதுசா ஒரு ஃபோல்டர் தெரிஞ்சது. கந்தோராலை நீங்கள்தான் வைச்சதெண்டு நினைச்சுத் திறந்தனான். ஒருக்காத்தான் திறந்தனான்.”

“எனக்கு விளங்குகிற மொழியில் கதையுங்கள்,” என்றார் அதிகாரி. கோணேஸ் சொன்னதை நான் அப்படியே சிங்களத்தில் சொன்னேன். அதிகாரி தலையை அசைத்தார். “திறந்தேன் என்று அவரே சொல்கிறார். எழுதிக்கொள்ளலாம்.”

வாயைத் திறந்தால் ஆளை இன்னும் ஆழத்தில் தள்ளிவிடுவேன் போல இருந்தது. “சுவிட்சைப் பார்க்க வேண்டும்” என்று மட்டும் கேட்டேன். பெட்டியைத் திறந்துவிட்டார்கள். நேரே அதனிடம் போனேன்.

தராசு வயர் இருபத்துமூன்றில் இருந்தது.

ட்ரங்கில் ஒரு சாதாரணக் கணினி. அது முத்திரை இல்லாமல் பேச, சுவிட்ச் அதைத் தூக்கிப் பாதுகாப்புப் பக்கத்துக்குள் போட்டிருக்கிறது. என்ன நடந்தது என்று எனக்கு அந்தக் கணமே விளங்கிவிட்டது. எப்படி நடந்தது என்பதுதான் விளங்கவில்லை. “இந்த வயர் இருபத்திரண்டில் இருக்க வேண்டியது. யாரோ மாற்றிச் செருகியிருக்கிறார்கள்,” என்றேன்.

“யார்? இந்த அறைக்குள் எங்கள் ஆட்கள் மட்டும்தான் வருவார்கள்.” அதிகாரி எழுந்து பக்கத்தில் வந்தார். “நேற்றுப் புது உத்தரவு. எல்லாப் பெட்டியையும் சுவரிலிருந்து இறக்கி, பின்னால் குண்டு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வயர்களைக் கழற்றத்தான் வேண்டும். ஆனால் சுனில் மாதிரிக் கவனமான ஆள் என்னிடம் இல்லை. ஒவ்வொன்றாக எண்ணி, இலக்கம் எழுதி ஒட்டிவிட்டுத்தான் கழற்றினான், முறை மாறி வந்தவன் அந்த இலக்கத்தைப் பார்த்துத்தான் திருப்பிச் செருகினான். நீங்களே பாருங்கள்.”

பார்த்தேன். ஒவ்வொரு வயரின் கழுத்திலும் சிறிய கடதாசித் துண்டு, அச்சடித்தது போல அழகான இலக்கம். தராசு வயரில் 23 என்று இருந்தது, அது நின்ற துளையிலும் 23. கந்தோர் வயரில் 24, துளையும் 24. பாதுகாப்பு வயர்கள் நாலும் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. துளையும் கடதாசியும் ஒன்றுகூடப் பிசகவில்லை.

“கழற்றும்போது இருபத்துமூன்று, திருப்பிச் செருகும்போதும் இருபத்துமூன்று,” என்றார் அதிகாரி. “அப்படியென்றால் இது முதலிலிருந்தே இங்கேதான் இருந்திருக்கிறது. உங்கள் ஆளுக்கு எத்தனை நாளாக எங்கள் வீட்டுக்குள் வழி இருந்தது, மிஸ்? வழியைத் திறந்து கொடுத்தது நீங்களா?”

கதவுப் பக்கம் திரும்பி அருளம்பலம் சேரைப் பார்த்தேன். அவர் முகம் வெளுத்திருந்தது. ஆனாலும் கையை மெல்ல உயர்த்தி, வயர் செருக வரும்போது செய்வாரே, அதுபோல உள்ளங்கையை விரித்துப் பிடித்தார். அவசரப்படாதே என்று சொன்னார் என்று எடுத்துக்கொண்டேன்.

மறுபடி பெட்டியைப் பார்த்தேன். பாதுகாப்பு வயர்கள் நாலையும் செருகிய நாளில் நானும் கூட நின்றவள். நாலும் மேல் வரிசையில் இருந்தன. இப்போது அவற்றில் இரண்டு கீழ் வரிசையில் இருக்கின்றன. அவர்களுடைய நாலு வயரில் மூன்று இடம் மாறியிருக்கின்றன. மாறினாலும் பன்னிரண்டைத் தாண்டாததால் அவர்கள் பக்கத்துக்குள்ளேயே நின்று, ஒன்றும் நடக்காதது போல வேலை செய்துகொண்டிருக்கின்றன.

சுவிட்சோடு பழகாத ஒருவர் அதை எப்படி எண்ணுவார்? கடவுளே.

“சேர்,” என்றேன் அதிகாரியிடம், “சுனிலைக் கூப்பிட வேண்டாம். நீங்களே ஒருக்கா இந்தத் துளைகளை எண்ண முடியுமா? விரலை வைத்து, வாய்விட்டு. கீழே கடைசிக்கு முதல் துளை எத்தனையாவது என்று சொல்லுங்கள்.”

என்னை விசித்திரமாகப் பார்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, விரலை மேல் வரிசையின் இடது நுனியில் வைத்து எண்ணத் தொடங்கினார். எக்கய், தெக்கய், துனய் என்று சிங்களத்தில். மேல் வரிசை முடியப் பன்னிரண்டு. விரல் கீழ் வரிசையின் தொடக்கத்துக்கு வந்து பதின்மூன்றிலிருந்து நகர்ந்தது. கடைசிக்கு முதல் துளையில் நின்றது.

“இருபத்துமூன்று.”

“அந்தத் துளைக்குப் பக்கத்தில் அச்சடித்திருக்கிற இலக்கம் என்ன?”

கண்ணாடியைத் தூக்கிப் போட்டுக்கொண்டு குனிந்தார். சுவிட்சில் இலக்கம் வரிசையாக ஓடாது. மேலே ஒன்று, அதற்குக் கீழே இரண்டு, மறுபடி மேலே மூன்று, கீழே நாலு என்று ஏறி இறங்கிப் போகும். அவர் விரல் நின்ற இடத்தில் 22 என்று இருந்தது.

நிமிரவில்லை. மறுபடி எண்ணினார், இந்த முறை வாய்க்குள். சுனில் தன் எண்ணிக்கைப்படி இலக்கம் ஒட்டியிருக்கிறான். முறை மாறியதும் அடுத்து வந்தவன் வயரில் உள்ள இலக்கத்தையும் துளையில் அச்சடித்த இலக்கத்தையும் பார்த்துப் பார்த்துச் செருகியிருக்கிறான். இரண்டு பேருமே கவனமான ஆட்கள். ஒன்றும் இருபத்துநாலும் எந்த வழியில் எண்ணினாலும் அதே இடம்தான் என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

“சரி,” என்றார் அதிகாரி கடைசியில். “வயர் மாறியது என்று வைத்துக்கொள்வோம். வேறொரு துளையில் செருகினால் மட்டும் எங்கள் கோப்பு தானாக அவருக்குத் தெரியுமா? அவர் ஏதோ செய்திருக்க வேண்டும்.”

“இல்லை சேர். ஒன்றும் செய்யத் தேவையில்லை.”

“காட்டுங்கள்.”

காட்டுவது என்றால், கோணேஸ் செய்ததாகச் சொல்லி இருத்தி வைத்திருக்கிற அதே காரியத்தை நான் அவர்கள் கண் முன்னால் செய்ய வேண்டும். என்னுடைய மடிக்கணினி அவர்களுடைய பக்கத்துக்குள் போகும். போகாவிட்டால் கோணேஸுக்கு வாகனம் நிச்சயம். போனால், வாங்கில் இரண்டாவது ஆளாக நானும் இருக்கலாம். இதை யோசித்து முடிப்பதற்குள் மடிக்கணினியைத் திறந்துவிட்டேன். தராசு வயரைக் கழற்றிவிட்டு, முதலில் அது இருக்க வேண்டிய இருபத்திரண்டில் என் வயரைச் செருகினேன். அது அக்சஸ் வகை, செருகியவுடனேயே பச்சை விளக்கு வந்தது, கம்பனி முகவரி வந்தது. அதிகாரி திரையைப் பார்த்தார். அவர்கள் பக்கத்தது எதுவும் அதில் தெரியவில்லை.

கழற்றி இருபத்துமூன்றில் செருகினேன்.

“கையைப் பின்னால் கட்டுங்கள். எதையும் தொட வேண்டாம்,” என்றார். கட்டினேன்.

விளக்கு செம்மஞ்சளாக எரிந்தது. அங்கே இருந்தவர்களில் அது ஏன் என்று தெரிந்தவர்கள் நானும் படியில் நின்ற சேரும் மட்டும்தான். ட்ரங்க் வகைத் துளை உடனே வழி விடாது. ஹனிபா நானா செய்தது போல யாராவது வாலைக் கடிக்க வைத்திருக்கிறார்களா என்று கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் திறக்கும். அரை நிமிடத்துக்கு மேல் போகாது என்று எனக்குத் தெரியும். அன்று அது முடிகிற பாடாக இல்லை. அதிகாரி திரையைப் பார்க்கிறார், சுவரில் தொங்கிய கடிகாரத்தைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார். வெளியே ஒரு லொறிக்காரன் தராசுக்கு ஆளில்லை என்று ஹோர்ன் அடித்துக்கொண்டே இருந்தான். நாசமாய்ப் போக என்று மனதுக்குள் திட்டினேன். சிவபுராணத்தில் ஒரு வரி கூட நினைவுக்கு வரவில்லை, திட்டுத்தான் வந்தது.

பச்சை வந்தது. முகவரி மாறியது. நான் கையைக் கட்டியபடி நிற்க, திரையில் பாதுகாப்புப் பக்கத்துக் கணினிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரிந்தன, அவர்களுடைய அனுமதிக் கோப்பு உட்பட.

அதிகாரி தானே வயரைப் பிடுங்கினார்.

“அப்படியானால்,” என்று மெதுவாகக் கேட்டார், “யார் வந்து செருகினாலும் எங்கள் வீட்டுக்குள் விடுகிற துளை ஒன்று என் அறையிலேயே திறந்து கிடந்திருக்கிறது. யார் திறந்து வைத்தது?”

நான் வாயைத் திறந்தேன். கமரா பொருத்த வந்தவர்கள் என்று சொல்லலாம் என்று ஒரு யோசனை. அதில் பாதி உண்மையும் இருந்தது. அவர்கள் வேலையை முடித்துக்கொண்டு எப்போதோ போய்விட்டார்கள், யார் தேடிப் போகப் போகிறார்கள்?

“மம,” என்றார் அருளம்பலம் சேர் வாசற்படியில் நின்று. நான் என்று சிங்களத்தில். பிறகு தனக்குத் தெரிந்த சிங்களத்தில் தடக்கித் தடக்கி, முழுவதையும் சொன்னார். இருபத்துமூன்றைத் திறந்து வைத்தது தான், தான் மட்டும்தான். இந்தப் பெண்ணுக்கு அதில் கையில்லை. பழுது வந்தால் உங்களுக்குத் தொந்தரவு தராமல் மாற்றத்தான் அப்படி வைத்தேன், பூட்டி வைத்திருக்க வேண்டும், அது பிழை. ஓர் இடத்தில் சொல் வராமல் நின்றபோது நான் எடுத்துக் கொடுக்கப் பார்த்தேன். கையைக் காட்டி மறித்துவிட்டுத் தானே தேடிச் சொன்னார்.

அதிகாரி அவரை நெடுநேரம் பார்த்தார். அருளம்பலம் சேர் சேர்ட்டின் நீளக்கையை ஒருக்கால் இழுத்துச் சரிசெய்தார். அவ்வளவுதான் அவரிடம் தெரிந்த அசைவு.

அதிகாரி சுனிலையும் தண்டிக்கவில்லை. “நானும் அப்படித்தானே எண்ணினேன்,” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அருளம்பலம் சேரின் துறைமுக அனுமதி அட்டையை வாங்கி மேசை லாச்சிக்குள் வைத்தார். இனி இந்த வாசலுக்குள் அவர் வரக்கூடாது. விசாரணை இருந்தால் வீட்டுக்கு வருவோம் என்றார். கோணேஸுக்குப் பிணையாக யாராவது கையெழுத்து வைக்க வேண்டும், இன்னொரு முறை அந்த வயரால் ஏதாவது நடந்தால் பிணை நின்றவரும் சேர்ந்து வாகனத்தில் ஏற வேண்டியிருக்கும். நான் கையெழுத்து வைத்தேன். கோணேஸ் குனிந்து செருப்பைப் போட்டார். பெல்ட்டைக் கட்ட முடியாமல் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார்.

அருளம்பலம் சேர் அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை டவுனில் இருந்த சிறிய கிளைக் கந்தோரிலிருந்துதான் வேலை பார்த்தார். வீட்டுக்கு யாரும் வரவில்லை, ஆனால் வருவார்கள் என்று இருந்து இருந்தே அவர் மெலிந்துபோனார். துறைமுகத்துக்குள் அவருடைய கையாக நான் இருந்தேன். தொலைபேசியில் அவர் “வகை?” என்று கேட்பார், நான் சொல்லிவிட்டுச் செருகுவேன். எரிச்சல் போய்விட்டிருந்தது. வாசல் பெட்டியில் பாவிக்காத துளைகளைக் கட்டளை கொடுத்துப் பூட்டினேன், அது போதாது போலப் பட்டதால் மெழுகும் ஊற்றினேன். தர்ஷினி விசர் வேலை என்கிறாள். இருக்கட்டும்.

அன்று பின்னேரம் நானும் கோணேஸும் பஸ்ஸுக்கு நின்றோம். என் வீடு டவுனுக்குள், நடந்தே போயிருக்கலாம். அவரைத் தனியே விட மனம் வரவில்லை. அந்த வாகனம் எங்களைக் கடந்து வாசலுக்குள் போவதை இரண்டு பேரும் பார்த்தோம். நான் ஏதேதோ சொன்னேன், சேர் மாதிரி ஒரு மனிதர் உண்டா என்றேன், பிள்ளைக்கு எத்தனை பல் என்றேன். அவர் றோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அக்கா, ஒண்டு கேக்கட்டே?”

“கேளும் தம்பி.”

“உள்ளுக்கு வந்த நேரம் நான் உங்களைக் கூப்பிட்டனான். நீங்கள் என்னைத் திரும்பிப் பாக்கேல்லை. நேரை சுவிட்சிட்டைத்தான் போனீங்கள். கடைசி வரைக்கும் அதைத்தான் பாத்தனீங்கள்.” குரல் கம்மியது. “நான் செய்திருப்பனெண்டு நினைச்சிட்டீங்களோ எண்டு இருந்தது. அவங்கள் வாகனமெண்டு சொன்னதை விட அதுதான் எனக்கு...”

முடிக்கவில்லை.

“உம்மைப் பாத்திருந்தா என்ரை கை நடுங்கியிருக்கும், தம்பி. நடுங்கின கையாலை ஒரு வயரும் செருக ஏலாது. அதுதான் பாக்கேல்லை.”

என் கையை நீட்டிக் காட்டினேன். அப்போது அது நடுங்கிக்கொண்டுதான் இருந்தது, நிறுத்த முடியவில்லை. கோணேஸ் அதைப் பார்த்தார். பஸ் வந்து, போய், அடுத்தது வரும்வரை அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.